சைன் எங்கிருந்து எடுப்பது? கம்பைலர் எழுதுபவர்களுக்கு ஓர் உரிம ஒப்பீடு

சொந்தமாக ஒரு நிரல்மொழி, அதற்கு ஒரு கம்பைலர் (எழுதிய நிரலை இயந்திரம் ஓட்டும் வடிவத்துக்குத் தொகுத்துத் தருவது), எம்ஐடி என்ற தாராளமான திறமூல உரிமத்தில் வெளியிட்டும் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். பார்சர் ஓடுகிறது, டைப் சரிபார்ப்பு ஓடுகிறது, வெப்அசெம்ப்ளிக்கு (உலாவிகளிலும் ஓடும் இயந்திர நிரல் வடிவம்) நிரலும் எழுதித் தருகிறது. அப்புறம் யாரோ ஒருவர் சைன் (sin) என்ற கணிதச் சார்பு வேண்டும் என்கிறார். வெப்அசெம்ப்ளியில் வர்க்கமூலத்துக்குக் கட்டளை உண்டு, ஃப்ளோர், சீலிங் எல்லாம் உண்டு, ஆனால் சைன், கொசைன், எக்ஸ்ப், லாக், பவ் எதற்கும் கிடையாது. மைக்ரோகண்ட்ரோலருக்கு எழுதினாலும் இதே கதை. எங்கிருந்தாவது ஒரு நிரல் வந்தாக வேண்டும், நல்ல நிரல் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது, எதை எடுத்தால் பின்னால் வம்பு வராது என்பதுதான் கேள்வி.

நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்த உரிமங்களை எல்லாம் உட்கார்ந்து படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம்: சாதாரண மென்பொருளுக்கு உரிமம் பார்ப்பதும் கம்பைலருக்கு உரிமம் பார்ப்பதும் ஒன்றல்ல. ஒரு புகைப்பட ஆப் எழுதினால், அதில் என்னென்ன அடுத்தவர் நிரல் இருக்கிறது என்று நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும், அதை விநியோகிப்பவர் நீங்கள். கம்பைலரில் அப்படி இல்லை. உங்கள் ரன்டைமில் (கம்பைலர் ஒவ்வொரு நிரலோடும் சேர்க்கும் துணை நிரல்) இருக்கும் சைன் உங்கள் மொழியில் எழுதப்படும் ஒவ்வொரு நிரலின் பைனரிக்குள்ளும், அதாவது தொகுத்து முடிந்த கோப்புக்குள்ளும், போய் உட்காரும். எழுதியவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அவர் தன் கடையின் பில்லிங் நிரலை வாடிக்கையாளருக்குக் கொடுக்கும்போது அந்தச் சைனையும் சேர்த்தே விநியோகிக்கிறார், அதன் நிபந்தனைகள் அவர் தலையில் விழுகின்றன. ஆகவே "என் ரெப்போவில் இதை வைக்கலாமா" என்று கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். "என் பயனரின் பைனரியில் இது போனால் அவருக்கு என்ன கடமை வரும்" என்று கேளுங்கள். கீழே உள்ள ஒப்பீடு முழுக்க இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

முதலில் எதையும் காப்பி எடுக்காமலே தப்பிக்க முடியுமா என்று பாருங்கள். லினக்ஸ், மேக், விண்டோஸ் என்று இயங்குதளம் உள்ள இடத்துக்கு மட்டும் நிரல் தருகிறீர்கள் என்றால், சைன் என்ற குறியீட்டை மட்டும் போட்டுவிட்டு, லிங்கரிடம் (நிரல் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் கருவி) அந்தத் தளத்தின் கணித லைப்ரரியை இணைக்கச் சொல்லிவிடலாம். உரிமம் பற்றி யோசிக்க வேண்டிய வேலையே கிட்டத்தட்ட இல்லை. லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி (glibc) எல்ஜிபிஎல் உரிமத்தில்தான் இருக்கிறது, ஆனால் டைனமிக்காக, அதாவது நிரல் ஓடும்போது, இணைத்து, லைப்ரரி பயனரின் கணினியில் ஏற்கெனவே இருக்கும்போது அது யாரையும் உறுத்துவதில்லை. இதில் ஒரே குறை, விடை தளத்துக்குத் தளம் கடைசி பிட்டில் மாறலாம். ஜிலிப்சியின் ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலேயே மாறும். 2025 ஜனவரியில் வந்த 2.41 பதிப்பில் ஒற்றைத் துல்லிய (32 பிட்) டேன், சைன்ஹெச், எர்ஃப் போன்ற பல சார்புகளை மொத்தமாக மாற்றிவிட்டார்கள். உங்கள் மொழி எல்லா இடத்திலும் ஒரே விடை தரும் என்று வாக்குக் கொடுத்திருந்தால் இந்த வழி உதவாது. வெப்அசெம்ப்ளிக்கும் வெறும் வன்பொருளுக்கும் உதவவே உதவாது.

சரி, காப்பிதான் என்று முடிவானால் பலருடைய கை முதலில் போவது ஜிலிப்சி பக்கம். தரமான நிரல், வேகம், இத்தனை ஆண்டுச் சோதனை. ஆனால் எல்ஜிபிஎல் 2.1-ன் ஆறாவது பிரிவைப் படித்துவிட்டு எடுங்கள். ஸ்டாட்டிக்காக, அதாவது லைப்ரரி பைனரிக்குள்ளேயே போகும்படி, இணைத்த ஒரு நிரலை யாருக்காவது கொடுத்தால், அதைப் பெற்றவர் லைப்ரரியை மாற்றி மறுபடி லிங்க் செய்துகொள்ள வழி செய்ய வேண்டும். அதாவது மூலநிரலையோ ஆப்ஜெக்ட் கோப்புகளையோ தர வேண்டும். உங்கள் கம்பைலர் எப்போதும் ஒரே கோப்பாக பைனரி தருகிறது என்றால், உங்கள் மொழியில் எழுதும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கடமை. வழிவந்த நிரலையும் திறக்கச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் கம்பைலர் வைத்திருப்பவர், "நான் ஜிபிஎல் கம்பைலர், எனக்கென்ன" என்று நினைக்கலாம். உங்கள் கம்பைலருக்கு ஒன்றுமில்லைதான், அது தருகிற வெளியீட்டில்தான் பிரச்சினை. இந்தக் கடமையிலிருந்து விலக்கு ஒன்றை நாமே எழுதிச் சேர்த்துக்கொள்ளலாமா என்றால் முடியாது, விலக்குத் தரும் உரிமை பதிப்புரிமை வைத்திருப்பவருக்கு மட்டும்தான்.

எல்ஜிபிஎல்லிலேயே ஒரு சின்ன சந்து உண்டு. ஐந்தாவது பிரிவில், ஓர் ஆப்ஜெக்ட் கோப்பு லைப்ரரியின் தலைப்புக் கோப்பிலிருந்து எண் அளபுருக்கள், தரவமைப்பு, சிறிய மேக்ரோ, பத்து வரிக்குள் அடங்கும் சின்ன இன்லைன் சார்பு ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் கட்டுப்பாடு இல்லை என்று இருக்கிறது. இதைக் காட்டி "சைன் உள்பகுதி பத்து வரிதானே" என்று வாதிடுபவர்கள் உண்டு. தலைப்புக் கோப்பைப் பயன்படுத்துபவருக்காக எழுதிய வாக்கியம் அது, சார்பின் நிரலைப் பெயர்த்தெடுத்து உங்கள் ரன்டைமில் ஒட்டுபவருக்காக இல்லை. இதை நம்பிப் போகாதீர்கள்.

இது எவ்வளவு நிஜமான சிக்கல் என்பதற்கு குனூவின் கம்பைலர் தொகுப்பான ஜிசிசிக்கு உள்ளேயே உதாரணம் இருக்கிறது. அதன் ஃபோர்ட்ரான் கம்பைலரான ஜிஃபோர்ட்ரானில் ஒரு நிரலைத் தொகுத்தால் இரண்டு ரன்டைம் லைப்ரரிகள் வரக்கூடும். லிப்ஜிஃபோர்ட்ரான் ஜிபிஎல் 3, ஆனால் கீழே விளக்கும் ரன்டைம் விலக்கோடு, எனவே மூடிய மென்பொருளிலும் ஸ்டாட்டிக்காக இணைக்கலாம். 128 பிட் எண்களுக்கான லிப்குவாட்மேத் எல்ஜிபிஎல், விலக்குக் கிடையாது, அதன் நிரலில் ஒரு பெரும் பகுதி ஜிலிப்சி வழியாக வந்தது. அதை ஸ்டாட்டிக்காக இணைக்கும் விருப்பத்தை விளக்கும் இடத்தில், "இது எல்ஜிபிஎல், ஸ்டாட்டிக்காக இணைத்தால் பைனரியை மறுவிநியோகம் செய்யும்போது கூடுதல் கடமைகள் வரும்" என்று ஜிசிசி கையேடே எச்சரிக்கிறது. ஒரே கம்பைலர், ஒரே கட்டளை வரி, இரண்டு லைப்ரரிகளுக்கு இரண்டு சட்டம். இன்னொரு கம்பைலர் தொகுப்பான எல்எல்விஎம்-ன் ஃபோர்ட்ரான் கம்பைலர் ஃப்ளாங்கும் 128 பிட் கணிதத்துக்கு இதே லிப்குவாட்மேத்தை நாடலாம், ஆனால் அங்கே அதைக் கட்டும்போது தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், தன் நிரலோடு கலக்காமல் வைத்திருக்கிறார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பேன்.

அடுத்தது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் குடும்பம். 1993-ல் சன் வெளியிட்ட எஃப்டிலிப்எம் என்ற லைப்ரரிதான் இந்த உலகின் கொள்ளுத்தாத்தா. ஃப்ரீபிஎஸ்டி கணித லைப்ரரி, மசல் என்ற சின்ன சி லைப்ரரி, ஓபன்லிப்எம், ஆண்ட்ராய்டு, குரோமின் வி8, ஜாவா என்று எங்கே தோண்டினாலும் அடியில் இது கிடக்கும். அதன் உரிமம் ஒரே வாக்கியம்: பயன்படுத்தலாம், நகலெடுக்கலாம், மாற்றலாம், விநியோகிக்கலாம், இந்த அறிவிப்பைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான். காப்பாற்றுவது என்றால் மூலக் கோப்பின் தலையில் மட்டுமா, பைனரி கொடுக்கும்போதுமா என்று அதில் இல்லை. பைனரியை யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. கண்டிப்பான நிறுவனங்களின் சட்டத் துறை மட்டும் கேட்கும், அவர்கள் எல்லா அறிவிப்புகளையும் ஒரு கோப்பில் திரட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரே கணக்கு எந்த வாசல் வழியாக வருகிறது என்பதைப் பொறுத்து உரிமம் மாறும். ஜாவாவின் ஸ்ட்ரிக்ட்மேத் என்ற கணிதப் பகுதி எஃப்டிலிப்எம் விடைகளையே தர வேண்டும் என்பது விதி. பல ஆண்டுகளாக ஜாவாவின் திறமூல வடிவமான ஓபன்ஜேடிகேயில் அதன் சி நிரலையே வைத்திருந்தார்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஜாவாவுக்குப் பெயர்த்தார்கள். அந்த ஜாவாக் கோப்பின் தலையில் இருப்பது ஜிபிஎல் 2, கிளாஸ்பாத் விலக்குடன் (இதோடு இணைக்கும் நிரலுக்கு ஜிபிஎல் ஒட்டாது என்பது). உங்கள் மொழி ஜாவா மாதிரி இருக்கிறது, அதைப் பார்த்து எழுதுவது சுலபம் என்று அங்கிருந்து எடுத்தீர்கள் என்றால் கையில் இருப்பது ஜிபிஎல் நிரலின் மொழிபெயர்ப்பு. அதே படிமுறையை, அதே மாறிலிகளோடு, நெட்லிப் என்ற கணித நிரல் களஞ்சியத்தில் உள்ள பழைய சி கோப்பிலிருந்து எடுத்தால் சன்னின் ஒற்றை வாக்கியம் மட்டும்தான். எப்போதும் ஊற்றுக்கே போங்கள். பிறகு வந்த பிழைத் திருத்தங்களும் வேண்டும் என்றால் ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து எடுக்கலாம், அங்கே புதிய கோப்புகள் இரண்டே நிபந்தனை கொண்ட பிஎஸ்டி உரிமத்தில் இருக்கும். பைனரியோடும் அறிவிப்பு போக வேண்டும் என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது.

மொழிபெயர்ப்பு என்றதும் இன்னொன்று. சி-யில் இருந்ததை ரஸ்டிலோ ஜிக்கிலோ உங்கள் மொழியிலோ மாற்றி எழுதினால் அது புதுப் படைப்பு ஆகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். வரிக்கு வரி பெயர்த்தால் ஆகாது. எஃப்டிலிப்எம்-ன் சைன் உள்பகுதியில் எஸ்1 முதல் எஸ்6 வரை ஆறு குணகங்கள் இருக்கும். முதலாவது −0.166666666666666324348. டெய்லர் தொடரில் வரும் −1/6 இல்லை அது, பிழையைக் குறைக்க லேசாக நகர்த்தப்பட்ட எண். கடைசி இலக்கங்களைப் பார்த்தவுடனே எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். இப்போது ஏஐ கருவியிடம் சைன் எழுதித் தரச் சொன்னாலும் இதே எண்கள் அறிவிப்பு எதுவும் இல்லாமல் வந்து விழலாம், அப்படி வந்தால் சன்னின் வாக்கியத்தை நீங்களே மேலே எழுதி வையுங்கள், ஒரு நிமிட வேலை. ரஸ்டின் லிப்எம் மசலிலிருந்து பெயர்க்கப்பட்டது, அவர்கள் இதை மறைக்கவில்லை. முழு லைப்ரரியும் எம்ஐடி, மூலம் மசல் என்று உரிமக் கோப்பில் இருக்கிறது. புதிதாகப் பங்களிப்பவர்களிடம் மட்டும் எம்ஐடி, அப்பாச்சி என்ற இரண்டு உரிமங்களுக்கும் சம்மதம் கேட்கிறார்கள், நாளைக்கு வழி திறந்திருக்கட்டும் என்று.

மசல் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். சின்னக் கம்பைலர்கள் அதிகம் எடுப்பது இதைத்தான். வெப்அசெம்ப்ளிக்குத் தொகுக்கப் பயன்படும் எம்ஸ்கிரிப்டனும் வாசி லிப்சியும் இதன் மேல்தான் நிற்கின்றன. எம்ஐடி உரிமம், "எல்லா நகல்களிலும் கணிசமான பகுதிகளிலும்" அறிவிப்பு இருக்க வேண்டும் என்கிறது. பைனரியும் நகல்தான் என்பதே பொதுவான புரிதல். அப்படியானால் மசலின் சைன் உள்ளே போன ஒவ்வொரு வெப்அசெம்ப்ளி கோப்போடும் ஓர் அறிவிப்பு போக வேண்டும். யார் போடுகிறார்கள்? பெரும்பாலும் யாருமில்லை. மசல் ஆசிரியர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அவர்களுடைய பதிப்புரிமைக் கோப்பில், பொதுத் தலைப்புக் கோப்புகளுக்கும் பயனர் நிரலோடு இணைகிற தொடக்கக் கோப்புகளுக்கும் அறிவிப்பே வேண்டாம், பெயர் குறிப்பிடவும் வேண்டாம் என்று தனி அனுமதி எழுதியிருக்கிறார்கள். கணிதக் கோப்புகளுக்கு அந்த அனுமதி இல்லை, தந்திருக்கவும் முடியாது, ஏனென்றால் அவை சன், ஃப்ரீபிஎஸ்டி ஆட்கள், ஆர்ம் என்று பல பேரிடமிருந்து வந்தவை. அவர்கள் சார்பில் மசல் எப்படி விட்டுக்கொடுக்கும்? எம்ஐடி என்றால் கவலையே இல்லை என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு பத்தியைக் காட்டினால் போதும்.

இந்தச் சிக்கலைப் பெரிய கம்பைலர்கள் எப்படித் தீர்த்தன என்று பார்த்தால் தேர்வு தானாகத் தெளிவாகிவிடும். மூன்று விதமாகத் தீர்த்திருக்கிறார்கள்.

முதலாவது ஜிசிசியின் ரன்டைம் லைப்ரரி விலக்கு, 2009 மார்ச் 31 தேதியிட்ட 3.1 பதிப்பு. அதன் ரன்டைம் லைப்ரரிகளான லிப்ஜிசிசி, லிப்எஸ்டிடிசி++ எல்லாம் ஜிபிஎல்தான், ஆனால் "தகுதியுள்ள தொகுப்பு முறை" வழியாக வந்த பைனரிக்கு ஜிபிஎல் நிபந்தனை ஒட்டாது. ஜிசிசியை மட்டுமோ அதனோடு ஜிபிஎல்-க்கு ஒத்துவரும் மென்பொருளையோ வைத்துத் தொகுத்தாலும் தகுதி உண்டு, ஜிசிசியைத் தொடாமலே தொகுத்தாலும் உண்டு. நடுவில் ஜிசிசியின் இடைநிலை வடிவத்தை எடுத்து ஒரு மூடிய ஆப்டிமைசரில் ஓட்டினால்தான் தகுதி போய்விடும். ஆக இது தாராளமும் தற்காப்பும் கலந்த விலக்கு. ஜிசிசிக்கு ப்ளகின் வசதி வரப்போகிற நேரத்தில் மூடிய ப்ளகின்களைத் தடுக்க எழுதினார்கள். உங்கள் சொந்தக் கம்பைலரில் லிப்ஜிசிசியின் துணுக்குகளை எடுத்துப் பயன்படுத்தினால் வெளியீட்டுக்கு விலக்கு கிடைக்கும், ஆனால் அந்த ரன்டைம் கோப்புகள் உங்கள் ரெப்போவில் ஜிபிஎல் 3 ஆகத்தான் இருக்கும். சிலருக்கு அது பிடிக்காது.

எல்எல்விஎம் வேறு வழியில் போனது. முன்பு தன் ரன்டைம் லைப்ரரிகளான கம்பைலர்-ஆர்டி, லிப்சி++ ஆகியவற்றை இல்லினாய்ஸ் உரிமம், எம்ஐடி என்று இரட்டையாக வைத்திருந்தார்கள், இல்லினாய்ஸ் உரிமம் பைனரியிலும் அறிவிப்புக் கேட்பதால் பயனருக்குத் தொல்லை வரக்கூடாது என்று. 2019 தொடக்கத்தில் எல்லாவற்றையும் அப்பாச்சி 2.0, எல்எல்விஎம் விலக்குடன் என்று மாற்றினார்கள், அதற்கு ஆயிரக்கணக்கான பங்களிப்பாளர்களின் சம்மதத்தைத் திரட்ட வேண்டியிருந்தது. விலக்கின் முதல் பகுதி நேராக நம் கேள்விக்குப் பதில்: உங்கள் மூலநிரலைத் தொகுத்ததன் விளைவாக இதன் பகுதிகள் ஆப்ஜெக்டுக்குள் பதிந்துவிட்டால், உரிம நகல் தருவது, மாற்றங்களைக் குறிப்பது, நோட்டிஸ் கோப்பு கொடுப்பது என்ற நிபந்தனைகள் பொருந்தாது. இரண்டாம் பகுதி ஜிபிஎல் 2-க்காக. அப்பாச்சியின் காப்புரிமைப் பிரிவோ இழப்பீட்டுப் பிரிவோ ஜிபிஎல் 2-உடன் மோதுகிறது என்று நீதிமன்றம் சொன்னால் அந்தப் பிரிவை விட்டுவிடலாம்.

மூன்றாவது பூஸ்ட் உரிமம். சின்ன உரிமம், ஒரு பக்கம்கூட வராது. அறிவிப்பு எல்லா நகல்களிலும் வேண்டும் என்று சொல்லிவிட்டு, "ஒரு மூலமொழிச் செயலி உருவாக்கிய, இயந்திரம் ஓட்டக்கூடிய ஆப்ஜெக்ட் வடிவில் மட்டும் இருக்கும் நகல்களைத் தவிர" என்று முடிக்கிறது. மூலமொழிச் செயலி என்பது வேறு யாரும் இல்லை, கம்பைலர்தான். எனக்கு இந்த மூன்றில் பூஸ்ட்தான் பிடிக்கும், படிக்க இரண்டு நிமிடம், சந்தேகத்துக்கு இடமில்லை. அப்பாச்சியில் உள்ள மாதிரிக் காப்புரிமை வாக்குறுதி அதில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கிடைக்கிற லைப்ரரிகளைப் பார்ப்போம்.

ஆர்மின் ஆப்டிமைஸ்டு ரூட்டீன்ஸ் எம்ஐடி அல்லது அப்பாச்சி 2.0 எல்எல்விஎம் விலக்குடன், எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். எக்ஸ்ப், லாக், பவ் மூன்றும் பிரமாதம், ஜிலிப்சியிலும் மசலிலும் இப்போது ஓடுவது இதன் வழி வந்தவைதான். இங்கேயும் அதே வாசல் பாடம்: அதே பவ் ஜிலிப்சியில் எல்ஜிபிஎல் தலைப்போடு இருக்கும், மசலில் எம்ஐடி, ஆர்மிடமிருந்தே எடுத்தால் விலக்கும் சேர்ந்து வரும். பெயர் ஆர்ம் என்றாலும் இந்த ஸ்கேலர் (ஒரு நேரத்தில் ஓர் எண்ணைக் கணக்கிடும்) நிரல்கள் சாதாரண சி, எந்தச் சிப்பிலும் ஓடும். இரட்டைத் துல்லியச் (64 பிட்) சைன், கொசைனுக்கு மட்டும் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும்.

எல்எல்விஎம் லிப்சியின் கணிதப் பகுதி முழுக்க விலக்குடன் வருகிறது, ஒற்றைத் துல்லியச் சார்புகள் பலவும் சரியாக முழுமையாக்கிய (rounding), அதாவது கடைசி பிட் வரை சரியான, விடை தருபவை. சிக்கல் என்னவென்றால் சி++ டெம்ப்ளேட்டுகள் நிறைய, உங்கள் ரன்டைம் வெறும் சி என்றால் பிரித்தெடுப்பது சிரமம். எல்எல்விஎம்-ன் சி++ கம்பைலரான கிளாங்கால் தொகுத்து ஆப்ஜெக்டாக எடுத்துக்கொள்ள முடிந்தால் இதைவிட நிம்மதியான தேர்வு இல்லை.

கோர்-மேத் பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் பால் சிம்மர்மன் முதலானோர் செய்வது. எல்லா முழுமையாக்கல் முறைகளிலும் கடைசி பிட் வரை சரியான விடை என்பது குறிக்கோள், ஜிலிப்சி 2.41-ல் போன புதிய ஒற்றைத் துல்லிய நிரல்கள் இங்கிருந்து வந்தவைதான். ஒவ்வொரு சார்பும் தனிக் கோப்பு, எடுத்து ஒட்டுவது சுலபம். உரிமம் வெறும் எம்ஐடி. ஆகவே மசலுக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும், பயனரின் பைனரிக்கு அறிவிப்புக் கடமை உண்டு. ஆனால் மசல்போல ஏழெட்டுப் பேரின் அறிவிப்பு இல்லை, ஒரு சின்னப் பத்தியில் முடிந்துவிடும்.

ஸ்லீஃப் வெக்டர் (ஒரே கட்டளையில் பல எண்கள்) கணக்குக்கு, பூஸ்ட் உரிமம். லூப்பை வெக்டராக்கும் கம்பைலர் எழுதினால் இது கைவசம் இருக்க வேண்டும், கிளாங்குக்கும் இதன் சார்புகளை அழைக்கத் தெரியும். ஜிபியு பக்கம் போனால் உரிமக் கதை தலைகீழ்: என்விடியாவின் கணித லைப்ரரியான லிப்டிவைஸ் பிட்கோட் என்விடியாவின் சொந்த உரிமத்தில் வருகிறது, அதனால் பல திறமூலக் கம்பைலர்கள் அதைப் பயனர் நிறுவிய கூடா (CUDA) தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்கின்றன.

ஓபன்லிப்எம் ஜூலியா மொழிக்காரர்களுடையது. நல்ல தொகுப்பு, ஆனால் எம்ஐடி, பிஎஸ்டி, ஐஎஸ்சி எல்லாம் கலவை, சோதனைக் கோப்புகள் இரண்டு எல்ஜிபிஎல். டைரக்டரியை முழுசாக இழுத்துப் போடாமல் வேண்டியதை மட்டும் எடுங்கள்.

தள்ளி நிற்க வேண்டியவையும் உண்டு. நியூமெரிக்கல் ரெசிபீஸ் புத்தக நிரலை மூலவடிவில் மறுவிநியோகம் செய்ய அதன் உரிமம் விடாது, திறமூலத் திட்டத்தில் அதற்கு இடமே இல்லை. கணினியியலாளர் சங்கமான ஏசிஎம்-ன் இதழ்களில் வெளியான படிமுறைகளின் நிரல்கள் பலவற்றுக்கு வணிகமல்லாத பயன்பாடு என்ற கட்டுப்பாடு இருக்கும், அதுவும் ஆகாது. குனூ சயின்டிஃபிக் லைப்ரரி விலக்கில்லாத முழு ஜிபிஎல், பயனரின் பைனரியையும் ஜிபிஎல் ஆக்கிவிடும்.

செஃபெஸ் என்ற கணித லைப்ரரி மட்டும் விசித்திரமான நடுநிலை. ஸ்டீபன் மோஷியர் எழுதியது, நெட்லிப்பில் உள்ள ரீட்மீ சொல்வது இவ்வளவுதான்: இதில் சில ஒரு புத்தகத்திலிருந்தோ ஒரு வணிகத் தயாரிப்பிலிருந்தோ இருக்கலாம், எப்படியானாலும் பதிப்புரிமை ஆசிரியருடையது, இங்கே பார்ப்பதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆதரவோ உத்தரவாதமோ கிடையாது. பயன்படுத்தலாம் சரி, மாற்றலாமா, மறுவிநியோகிக்கலாமா? சொல்லவில்லை. கோ மொழியின் சைன் இதிலிருந்து பெயர்த்ததுதான், அந்த ரீட்மீ வாசகத்தை அப்படியே கோப்பின் தலையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். டி மொழிக்காரர்கள் இன்னும் ஒரு படி போய், ஆசிரியரின் அனுமதியோடு சேர்த்தது, அவர் வேறு இடத்தில் வேறு உரிமத்தில் தரும் உரிமையை வைத்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். இன்று ஒரு புதுத் திட்டம் தொடங்கினால் செஃபெஸை நான் தொடமாட்டேன், மோசம் என்பதால் அல்ல, இத்தனை தெளிவான மாற்று இருக்கும்போது எதற்கு என்பதால்.

இதுவரை பேசியது பயனரின் பைனரிக்குள் போகும் நிரல். கம்பைலருக்குள்ளேயே ஓடுகிற கணக்கு வேறு. சைன் 0.5 என்று மாறிலி எழுதியிருந்தால் தொகுக்கும்போதே விடையைப் போட்டுவிடலாம் அல்லவா, அதற்கு ஜிசிசி 4.3-லிருந்து, வேண்டிய துல்லியத்தில் கணக்கிட்டுத் தரும் எம்பிஎஃப்ஆர் லைப்ரரியைப் பயன்படுத்துகிறது. எம்பிஎஃப்ஆர் எல்ஜிபிஎல் 3. ஆனால் பைனரிக்குள் போவது விடையாக வந்த எண் மட்டும், எம்பிஎஃப்ஆர்-ன் நிரல் ஒரு பைட்கூடப் போகாது. எனவே பயனருக்கு ஒரு கடமையும் இல்லை, உங்கள் கம்பைலரை விநியோகிக்கும் நீங்கள் மட்டும் எல்ஜிபிஎல்லைக் கவனித்துக்கொண்டால் போதும், டைனமிக்காக இணைத்தால் அதுவும் சுலபம். எல்எல்விஎம் இதை ஏற்கவில்லை. கம்பைலர் ஓடும் கணினியின் கணித லைப்ரரியையே மாறிலிக் கணக்குக்கும் அழைத்துவந்தது, அதனால் லினக்ஸில் தொகுத்ததற்கும் விண்டோஸில் தொகுத்ததற்கும் கடைசி பிட் மாறக்கூடும். எல்எல்விஎம் லிப்சியில் எம்பிஎஃப்ஆர் உண்டு, ஆனால் சோதனையில் விடை சரிபார்க்க மட்டும். சின்னத் திட்டத்துக்கு என் ஓட்டு எம்பிஎஃப்ஆர் பக்கம்தான், இந்த இடத்தில் எல்ஜிபிஎல்லைக் கண்டு பயப்படக் காரணமே இல்லை.

நாமே எழுதினால் என்ன? செய்யலாம். படிமுறைக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதிய நிரலுக்குத்தான். பெரிய கோணத்தைச் சிறிய வீச்சுக்குக் குறைக்கும் கோடி-வெய்ட், பெய்ன்-ஹானெக் எல்லாம் வெளியான முறைகள். சோல்யா என்ற கருவியில் வீச்சையும் படியையும் கொடுத்தால் குணகங்களைத் தருகிறது, சோல்யாவின் உரிமம் அது தரும் எண்களை ஒட்டாது. ஒற்றைத் துல்லியத்துக்கு இது வாரக்கடைசி வேலை, நாலு பில்லியன் சொச்ச உள்ளீடுகளையும் ஓட்டிச் சரிபார்த்துவிடலாம். இரட்டைத் துல்லிய பவ் எழுத உட்காராதீர்கள். எழுத உட்கார்ந்தாலும், பக்கத்து ஜன்னலில் ஜிலிப்சியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாதீர்கள்.

என் தேர்வு இப்படிப் போகும். இயங்குதளம் உள்ள இடத்தில் அதன் லைப்ரரி. வெப்அசெம்ப்ளிக்கும் வெறும் வன்பொருளுக்கும் எக்ஸ்ப், லாக், பவ் ஆர்மிடமிருந்து, அப்பாச்சி விலக்கைத் தேர்ந்தெடுத்து. ஒற்றைத் துல்லியம் கோர்-மேத் அல்லது எல்எல்விஎம் லிப்சி. இரட்டைத் துல்லியச் சைன், கொசைன் எஃப்டிலிப்எம்-ன் மூலக் கோப்பிலிருந்து. அறிவிப்பு தேவைப்படும் பகுதிகளுக்கு, கம்பைலரிலேயே ஒரு கொடி (flag) வைத்து, அதைக் கொடுத்தால் அந்தப் பைனரியில் உண்மையில் போன கணிதச் சார்புகளின் அறிவிப்புகளை மட்டும் ஒரு கோப்பாக எழுதித் தரச் செய்வேன். லிங்கருக்கு எது போனது என்று தெரியும், பயனரைத் தேடவிடுவது அநியாயம். உங்கள் கம்பைலர் ஜிபிஎல் 2 மட்டும் என்றால் வெறும் அப்பாச்சி நிரல் ஆகாது, விலக்கு உள்ளதையோ ஆர்மின் எம்ஐடி பக்கத்தையோ எடுங்கள்.

எதை எடுத்தாலும் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எங்கிருந்து, எந்தப் பதிப்பு, எந்த உரிமம், பங்களிப்பவர் மாற்றினால் அந்த மாற்றம் எந்த உரிமத்தில் என்பதை முதல் கமிட்டிலேயே எழுதிவிடுங்கள். கடைசியாகச் சொன்னதை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, ஒரு கணினியில் இன்னொரு கணினியைப் போலி செய்து ஓட்டும் மென்பொருளான க்யூஎமு ஒரு சாட்சி. அதன் மிதவைப் புள்ளி நிரல் சாஃப்ட்ஃப்ளோட் 2பி-யிலிருந்து வந்தது, அந்தப் பதிப்பின் இழப்பீட்டு நிபந்தனை ஜிபிஎல்-க்கு ஒத்துவராதது என்று பிறகு தெரிந்து, 2ஏ பதிப்புக்குப் பின்வாங்கி, இடையில் அந்தக் கோப்பைத் தொட்டவர்களிடம் எல்லாம் உரிமச் சம்மதம் கேட்க வேண்டியதாயிற்று. 2014 டிசம்பர் 1-க்குப் பிறகு வரும் மாற்றங்கள் இன்ன உரிமத்தில் என்று கோப்பின் தலையில் அப்போதுதான் எழுதி வைத்தார்கள். ஒரு கோப்பில் மூன்று உரிமங்கள் என்று இன்றும் அங்கே பார்க்கலாம்.